நைலுக்கு அடியில் இன்னொரு நைல்

அஸ்வான் உயர் அணையின் மேல் நின்றால் அணை கண்ணுக்குத் தெரிவதில்லை. மேட்டூரில் பார்த்துப் பழகிய செங்குத்தான சுவர் இங்கே கிடையாது. இரண்டு பக்கமும் மெல்லச் சரிந்து இறங்கும் கற்குவியல், உச்சியில் அகலமான சாலை, தெற்கே கரை தெரியாத நாசர் ஏரி, அவ்வளவுதான். உடன் வந்தவர்கள் தாமரை வடிவில் எழுப்பிய சோவியத் - எகிப்து நட்புக் கோபுரத்தைப் படமெடுத்துக்கொண்டு வண்டியின் நிழலுக்குத் திரும்பிவிட்டார்கள். அணையைப் பார்த்து ஏமாந்தவர்களின் முகம் அது.

என் கவனமெல்லாம் அந்தச் சரிவின் மேலேயே இருந்தது. அணையின் உயரம் 111 மீட்டர். அடிப்பக்க அகலம் 980 மீட்டர். ஏன் இத்தனை அகலம்? அஸ்வானைச் சுற்றி எங்கு பார்த்தாலும் கருங்கல். ஆற்றின் நடுவில் யானை முதுகு போலத் தலைகாட்டும் தீவுகள்கூட இளஞ்சிவப்புக் கருங்கல்தான். தூண்களுக்கும் சிலைகளுக்கும் மூவாயிரம் ஆண்டு காலம் கல் வெட்டிய ஊர் இது. இங்கே அணை கட்ட அடித்தளப் பாறைக்குப் பஞ்சமா?

பஞ்சம்தான். ஆற்றின் குறுக்கே வரிசையாகத் துளையிட்டுப் பார்த்தபோது, கரையோரத்தில் தட்டுப்பட்ட கருங்கல் நடுப்பகுதியை நெருங்க நெருங்கக் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. 200 மீட்டருக்கும் மேல் மணலும் வண்டலும் களியும். கான்கிரீட் சுவரை அதன்மேல் நிறுத்த முடியாது. அதனால்தான் கல்லையும் மண்ணையும் மலைபோல் குவித்து, மேலிருந்து ஆழத்துக்குக் களிமண்ணும் சிமெண்டும் கலந்த குழம்பை ஊசி போடுவதுபோல் செலுத்தி, நிலத்துக்கடியில் நீர் கசியாத திரை ஒன்றை இறக்கினார்கள். அந்தத் திரையின் ஆழம் ஏறத்தாழ 200 மீட்டர். வெளியே தெரியும் அணையைவிட மண்ணுக்குள் இருக்கும் அணை பெரிது.

1960-களில் அந்தத் துளைகளில் வந்த மண்ணை ஆராய்ந்தவர் சோவியத் புவியியலாளர் இவான் சுமக்கோவ். ஆற்றுக்கு அடியில் புதைந்திருந்தது ஒடுக்கமான, ஆழமான பள்ளத்தாக்கு என்று அவர் கண்டார். அதன் கருங்கல் தளம் கடல் மட்டத்துக்கும் சுமார் 170 மீட்டர் கீழே இருந்தது. அதைவிட விசித்திரம், பள்ளத்தின் அடிமண். மேலே இருந்தது ஆற்று வண்டல். அடியில் இருந்த களியிலோ கடல்வாழ் நுண்ணுயிர்களின் ஓடுகள். மத்தியதரைக் கடல் இங்கிருந்து ஆற்று வழியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

ஆறு தான் சேரும் கடலின் மட்டத்துக்குக் கீழே இப்படி நெடுகத் தரையை அறுத்துக்கொண்டு போகாது. அறுத்திருக்கிறது என்றால் கடல்தான் கீழே போயிருக்க வேண்டும். ஒரு காலத்தில் மத்தியதரைக் கடல் இன்றைய மட்டத்திலிருந்து ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும் என்று சுமக்கோவ் முடிவுக்கு வந்தார். அணை வேலைக்காகத் துளையிட்ட ஒருவர் கடலே வற்றியது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? 1970-ல் 'குளோமார் சாலஞ்சர்' என்ற துளையிடும் கப்பல் மத்தியதரைக் கடலின் தரையைத் துளைத்தது. அதில் இருந்த கென்னத் சூ, வில்லியம் ரயன், மரியா சீட்டா ஆகியோரின் கைக்குக் கிடைத்தவை ஜிப்சமும் உப்பும். பின்னர் கணக்கிட்டதில், சில இடங்களில் அந்த உப்புப் படிவம் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகத் தடிமன்.

தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி மாற்றிப் பாத்தியாக நீரை விடும்போது முதலில் ஜிப்சம் படியும், பிறகு உப்பு விளையும், கடைசியில் கசப்பு நீர் மிஞ்சும். அதே வரிசைதான் கடலடியிலும். மத்தியதரைக் கடலில் மழையும் ஆறுகளும் கொட்டும் நீரைவிட ஆவியாகும் நீர் அதிகம். பற்றாக்குறையை அட்லாண்டிக் சமுத்திரம் ஜிப்ரால்டர் வழியாக ஈடுசெய்கிறது. அந்த வாசலை அடைத்தால் சுமார் ஆயிரம் ஆண்டுகளில் கடல் வற்றிவிடும். நில நகர்வுகளால் அந்த வாசல் உண்மையிலேயே அடைபட்டது. 59.7 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய அந்த நெருக்கடி 53.3 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. கடல் முழுக்க வற்றியதா, உப்பு ஏரியாகச் சுருங்கியதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் மட்டம் வெகுவாகத் தாழ்ந்ததற்கு நைல் சாட்சி. பிரான்சில் ரோன் ஆற்றுக்கு அடியில் புதைந்துகிடக்கும் பள்ளத்தாக்கும் சாட்சி.

கடல் இறங்கியதும் நைலின் முகத்துவாரம் மலைச்சரிவின் விளிம்பில் தொங்கிற்று. நீர் விழுந்து அறுத்தது. அறுப்பு முகத்துவாரத்திலிருந்து பின்னோக்கி ஏறி, சுண்ணாம்புப் பாறையையும் மணற்பாறையையும் பிளந்துகொண்டு அஸ்வான் கருங்கல் வரை வந்து சேர்ந்தது. கெய்ரோவின் அடியில் இந்தப் பள்ளத்தின் தளம் கடல் மட்டத்துக்கு 2,500 மீட்டர் கீழே கிடக்கிறது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் மிஞ்சிப் போனால் 1,800 மீட்டர் ஆழம். அதைவிட ஆழமான பள்ளத்தாக்கின் மேல் இரண்டு கோடிப் பேர் குடியிருக்கிறார்கள், போக்குவரத்து நெரிசலைத் திட்டிக்கொண்டு.

பிறகு ஜிப்ரால்டர் வாசல் உடைந்தது. அட்லாண்டிக் உள்ளே பாய்ந்தது. கடல் நிரம்ப எடுத்துக்கொண்ட காலம் சில மாதங்களிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் இருக்கலாம் என்று 2009-ல் ஒரு ஆய்வுக் குழு கணக்கிட்டது. எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எவ்வளவு வேகமாக நிரம்பியிருந்தாலும் விளைவு ஒன்றுதான். நைல் வெட்டிய பள்ளத்துக்குள் கடல் புகுந்து, அஸ்வான் வரை நீண்ட ஓர் ஒடுங்கிய வளைகுடா ஆயிற்று. அதன் தரையில் படிந்த களிதான் சுமக்கோவின் துளையில் வந்தது.

இந்த வளைகுடாவை முதலில் ஊகித்தவர் புவியியலாளர் அல்ல. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்துக்கு வந்த கிரேக்கர் ஹெரோடோட்டஸ், இந்த நாடே ஒரு காலத்தில் செங்கடலைப்போல் உள்நோக்கி நீண்ட கடலாக இருந்தது, நைல் அதை மண்ணால் தூர்த்துவிட்டது என்று எழுதினார். குன்றுகளில் சிப்பிகள் கிடக்கின்றன, நிலத்தில் உப்புப் பூக்கிறது என்று காரணமும் காட்டினார். நைலைச் செங்கடல் பக்கம் திருப்பிவிட்டால் இருபதாயிரம் ஆண்டில், ஏன் பத்தாயிரம் ஆண்டிலேயே அதையும் தூர்த்துவிடும் என்பது அவர் கணக்கு. கால அளவில் பல நூறு மடங்கு பிசகு. ஆனால் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து ஒரு நாட்டின் வயதைக் கேட்டவர் அவர். அவரது கட்டுக்கதைகளைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அஸ்வானிலிருந்து எலிஃபன்டைன் தீவுக்கு ஃபெலுக்கா என்ற பாய்மரப் படகில் போனேன். படகோட்டி நூபியர், வயது அறுபதுக்கு மேல். எல்லோரும் அவரை 'ரயீஸ்' என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே. தீவின் ஓரத்தில் கல் படிகள் நீருக்குள் இறங்குகின்றன. பக்கச் சுவரில் முழக்கணக்குக் கோடுகள். நைல்மானி. வெள்ளம் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதை வைத்து அந்த ஆண்டின் விளைச்சலையும் வரியையும் கணித்தார்கள்.

"இப்ப தண்ணி எந்தக் கோட்டுல நிக்குது, ரயீஸ்?"

"அணைக்காரங்க எந்தக் கோட்டுல நிறுத்துறாங்களோ அங்க நிக்குது, உஸ்தாஸ்."

தன் தகப்பனார் காலத்தில் ஆகஸ்டில் நீர் செம்பழுப்பாகிவிடும் என்றார். குடத்தில் பிடித்து வைத்தால் மறுநாள் அடியில் இரண்டு விரல் கடை மண் நிற்கும். அந்த மண்ணுக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'தமி'. எத்தியோப்பியாவின் எரிமலைப் பாறை மேட்டு நிலத்தைப் பருவமழை கரைத்து, நீல நைலும் அத்பாராவும் சுமந்து வருவது. அணைக்கு முன் ஆண்டுக்குப் பத்துக் கோடி டன்னுக்கும் அதிகமான வண்டல் அஸ்வானைக் கடந்தது; வெள்ளை நைலின் பங்கு அதில் மிகக் குறைவு. இன்று படகின் அடியில் ஓடும் நீர் பச்சைக் கண்ணாடி. கீழே கிடக்கும் கற்களை எண்ணலாம்.

வடக்கே போகப்போக கருங்கல் மறைந்து மணற்பாறை, பிறகு இரு பக்கமும் சுண்ணாம்புக் குன்றுகளின் வெளிர் சுவர். நடுவே கரும்பும் கோதுமையும். சில இடங்களில் பச்சை வயல் அரைக் கிலோமீட்டர்கூட அகலமில்லை. ஒரு காலை வயலிலும் ஒரு காலைப் பாலைவனத்திலும் வைத்து நிற்கலாம். பள்ளத்தாக்கின் வரைபடமே அந்தப் பச்சைதான். இந்தச் சுவர்கள் ஒரு கடலில் படிந்தவை, சுமார் ஐந்து கோடி ஆண்டு பழசு. தரைக்கடியில் கிடக்கும் களி இன்னொரு கடலின் படிவு, ஐம்பது லட்சம் ஆண்டு. பழைய கடலைக் கிழித்துப் புதிய கடலுக்கு இடம் செய்தது ஆறு.

எஸ்னாவில் கோயிலைத் தேடி கடைவீதிக்குள் நுழைந்தேன். துணிக்கடைகள், மசாலா மூட்டைகள், ஒரு திருப்பம், அப்புறம் வீதியே திடீரென நின்றுவிடுகிறது. கைப்பிடிச் சுவருக்கு அப்பால் பெரிய குழி. குழிக்குள், காலடிக்குக் கீழே, கோயிலின் கூரை. படியிறங்கிப் போகவேண்டும், தெருவுக்கும் கோயில் தரைக்கும் ஒன்பது மீட்டர் வித்தியாசம். உள்ளே 24 தூண்கள், நூற்றாண்டுக் கணக்கான கரிப்புகையை அண்மையில் துடைத்தெடுத்ததால் சிவப்பும் நீலமும் மஞ்சளும் நேற்றுப் பூசியதுபோல் பளிச்சென்று. கோயிலின் இறைவன் க்னும், ஆட்டுத் தலை உள்ளவர். குயவன் சக்கரத்தில் நைல் களிமண்ணை வைத்து மனிதரை வனைபவர்.

இந்த ஒன்பது மீட்டர் எப்படி வந்தது? வெள்ளம் கொண்டுவந்து படிந்ததாகத்தான் வழிகாட்டிகள் சொல்வார்கள். வெள்ளச் சமவெளியில் படிவு உயர்வது நூறாண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் என்ற அளவில்தான். கோயிலின் இன்றைய மண்டபம் ரோமானியர் காலத்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு இரண்டு மீட்டர் தேறும். மீதியை யார் கொட்டினார்கள்? குடியிருந்தவர்கள். பழைய எகிப்தில் வீடு என்றால் வண்டலில் வைக்கோல் கலந்து வெயிலில் காயவைத்த செங்கல். முப்பது நாற்பது ஆண்டில் வீடு உதிரும். உதிர்ந்ததை மிதித்துச் சமன் செய்து அதன்மேலேயே அடுத்த வீடு. ஆறு வயலில் பரப்பிய மண்ணை மனிதர்கள் வாரி ஊருக்குள் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். அப்படி மேடான பழைய ஊர்களை 'கோம்' என்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உழவர்கள் அந்தக் கோம்களையே வெட்டி, மக்கிய பழங்கல்லை உரமாக வயலுக்குத் திருப்பி எடுத்துப் போனார்கள். அதில் எத்தனையோ பழம்பொருள்கள் நாசமாயின என்று தொல்லியலாளர்கள் இன்றும் வயிறெரிகிறார்கள். உழவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

லக்சர் கோயிலில் இதையே இன்னும் வேடிக்கையாகப் பார்க்கலாம். முதல் முற்றத்தின் மூலையில் அபுல் ஹக்காக் பள்ளிவாசல் நிற்கிறது. மண் மூடிய கோயிலின்மேல், அன்றைய தரைமட்டத்தில் கட்டியது. 1880-களில் கோயிலைத் தோண்டி எடுத்தார்கள். பள்ளிவாசலின் பழைய வாசல் அந்தரத்தில் தொங்கிப்போயிற்று. அண்ணாந்து பார்த்தால், யாரும் கால் வைக்க முடியாத ஒரு கதவு. தொழுகைக்கு இப்போது மறுபக்கத் தெரு வழியாகப் போகிறார்கள்; அந்தப் பக்கம் தரை இன்னும் பழைய உயரத்திலேயே இருக்கிறது.

கெனா அருகே ஆறு பெரிய வளைவு எடுக்கிறது. கிழக்கே செங்கடல் மிக நெருக்கம் இங்கேதான். முசிறி மிளகு செங்கடல் துறைகளில் இறங்கி, ஒட்டகத்தில் ஏறி, இங்கே பக்கத்திலிருக்கும் கொப்டோஸில் நைல் படகுக்கு மாறியது. குசேர் துறையில் தமிழ் பிராமி எழுதிய பானை ஓடுகள் கிடைத்தது தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த செய்தி. நான் இந்த வளைவில் இறங்கியது மணலைப் பார்க்க. சாலையோரக் குவாரியில் பல ஆள் உயரத்துக்கு ஒரே மணல் சுவர், சாய்வுக் கோடுகள் வரைந்ததுபோல். இன்றைய நைலால் இத்தனை மணலை நகர்த்தவே முடியாது.

எகிப்தியப் புவியியலாளர் ருஷ்தி சயீத் இந்த மணலுக்குக் 'கெனா மணல்' என்று பெயரிட்டு, அதைச் சுமந்த ஆற்றுக்கும் தனிப்பெயர் வைத்தார். நைல் என்பது ஒரே ஆறு அல்ல, ஒரே பள்ளத்தில் அடுத்தடுத்து ஓடிய பல ஆறுகள் என்பது அவர் வாதம். பள்ளத்தை வெட்டியது ஈயோநைல். கடல் புகுந்த கட்டத்துக்குப்பின் வளைகுடாவைத் தூர்த்தது பேலியோநைல். பிறகு எகிப்து காய்ந்து, ஆறே கிட்டத்தட்ட இல்லாத ஒரு நீண்ட இடைவெளி. அதன்பின் மூர்க்கமாக வந்தது இந்த மணலைக் கொட்டிய ப்ரீநைல். கடைசியாக, இளைத்துப்போன நியோநைல், நாம் பார்ப்பது. எத்தியோப்பியாவோடு இணைப்பு எப்போது ஏற்பட்டது என்பதில் பிற்காலத்தவர் அவரோடு மாறுபடுகிறார்கள். நைலின் வயது மூன்று கோடி ஆண்டு என்று வாதிடுபவர்களும் உண்டு. பிறந்த தேதியில் வழக்கு இருக்கட்டும். குவாரிச் சுவரின் முன்னால் நிற்கும்போது ருஷ்தி சயீதின் பக்கம்தான் மனம் சாய்கிறது. அந்த ஆறு வேறு ஆறு.

கெய்ரோவுக்குச் சற்றுத் தெற்கே மெம்ஃபிஸ். தென்னையை நினைவூட்டும் பேரீச்சந்தோப்புக்குள் ராம்செஸ் மன்னரின் பிரம்மாண்டச் சிலை மல்லாந்து கிடக்கிறது. 1850-களில் லெனர்ட் ஹார்னர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்தச் சிலையை ஒரு கடிகாரமாக்கப் பார்த்தார். அவர் லண்டனில் இருந்தார். இங்கே தோண்டியவர் எகிப்து அரசின் ஆர்மேனியப் பொறியாளர் ஹெக்கெக்கியான் பே. சிலை நிறுவிய காலம் தெரியும், அதன் பீடத்தின்மேல் எவ்வளவு வண்டல் ஏறியிருக்கிறது என்றும் தெரியும். வகுத்தால் நூறாண்டுக்கு மூன்றரை அங்குலம். 39 அடி ஆழத்தில் ஒரு பானை ஓடு வந்தது. ஆக, பானை செய்த மனிதர் 13,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார் என்று ஹார்னர் அறிவித்தார். உலகம் பிறந்தே ஆறாயிரம் ஆண்டுதான் என்று நம்பிய காலம், கூச்சல் எழுந்தது. கூச்சல் போட்டவர்கள் பைபிளுக்காகப் போட்டார்கள், ஆனால் கணக்கில் ஓட்டை இருந்தது மெய். கோயில் இருக்கும் ஊரில் வெள்ளம் புகாமல் கரை போட்டிருப்பார்கள். கரை உடைந்தபின் படிவு வேகமாக ஏறும். பழைய கிணற்றுக்குள் ஓடு விழுந்திருக்கலாம். வண்டல் சீராக நடக்கும் கடிகாரம் இல்லை. 1880-களில் ராயல் சொசைட்டி டெல்டாவில் ஸகாஸிக் ஊரில் 345 அடி தோண்டிப் பார்த்தது. பாறை தட்டுப்படவில்லை. கிலோமீட்டர் கணக்கில் ஆழமுள்ள பள்ளத்தின் மேல் விளிம்பில் நின்று சுரண்டிக்கொண்டிருந்தார்கள், பாவம்.

கீஸா பிரமிடுகளின் கல்லில் காசு காசாக, பருப்புப் பருப்பாகப் புதைந்திருக்கும் வட்டங்களை உற்றுப் பார்த்தேன். நம்முலைட் என்ற ஒற்றைச் செல் கடலுயிரின் ஓடுகள். வேலையாட்கள் தின்று மிஞ்சிய பருப்பு கல்லாகிவிட்டதாக உள்ளூரில் சொன்னதை ஸ்ட்ராபோ இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் எழுதிவைத்து, தானே அதை மறுக்கவும் செய்தார். பிரமிடுகளுக்குத் தெற்கே ஒரு சிறு மேட்டில் வேறு வகைச் சிப்பிகள் கிடக்கின்றன, விரல் கடை தடித்த ஆழிச் சிப்பிகள். அவை பழைய கடலுக்குரியவை அல்ல. பள்ளத்துக்குள் புகுந்த வளைகுடாவின் கரையில் வாழ்ந்தவை. ஒட்டகச் சவாரிக்கு அழைத்துக்கொண்டே பின்னால் வந்த பையன், நான் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கண்டு, என் சட்டைப்பையிலிருந்து ஏதோ விழுந்துவிட்டதாக நினைத்துத் தானும் தேட ஆரம்பித்தான்.

கெய்ரோவில் ரோடா தீவின் நைல்மானி 861-ல் அப்பாசியக் கலீஃபா காலத்தில் எழுந்தது. கிணறு போன்ற ஆழத்தின் நடுவில் எட்டுப் பட்டைப் பளிங்குத் தூண், முழம் முழமாகக் கோடு. பதினாறாவது முழம் தொட்டால் நாட்டுக்குச் சோறு. அதற்குக் கீழே பஞ்சம், மிக மேலே போனால் ஊர் மூழ்கும். ஆற்று நீர் உள்ளே வரும் சுரங்கங்களை அடைத்துவிட்டார்கள். சுற்றுலாப் பயணிகள் தூணின் அடிவரை இறங்கிப் படமெடுத்துக்கொள்கிறார்கள்.

அங்கிருந்து டெல்டா. தஞ்சை மாவட்டத்தில் பேருந்தில் போவது போன்ற சமவெளி, ஆனால் வாய்க்கால்களின் ஓரம் செங்கல் அடுக்குமாடிகள் வயலைத் தின்றுகொண்டே வருகின்றன. ஒரு காலத்தில் வயல் மேல்மண்ணையே சுரண்டிச் சூளையில் சுட்டு விற்றார்கள். வண்டல் வருவது நின்றபின் அரசு 1980-களில் அதைத் தடை செய்தது. இந்த வயல்களுக்குக் கீழே, பல கிலோமீட்டர் ஆழத்தில், பள்ளத்தை நிரப்பிய பழைய மணலில் இயற்கை எரிவாயு கிடைக்கிறது. அபு மாடி என்ற இடத்தில் 1967-ல் முதலில் கண்டார்கள்.

ரஷீதில் ஆற்றின் ஒரு கிளை முடிகிறது. ரொசெட்டா என்று வெளிநாட்டார் அழைக்கும் ஊர். உஸ்மானியர் கால வீடுகள் சிவப்பும் கறுப்புமாகச் செங்கல் மாற்றி மாற்றி அடுக்கியவை. முகத்துவாரத்தில் கடல் நிலத்தை விழுங்கும் வேகம் ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு நூறு மீட்டரைத் தொட்டது. கான்கிரீட் முண்டுகளை அடுக்கிச் சுவர் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். இங்கே வரவேண்டிய வண்டல் நாசர் ஏரியின் தென்கோடியில், சூடான் எல்லைக்கருகே தங்கி, நீருக்குள்ளேயே புதிதாக ஒரு டெல்டாவைக் கட்டுகிறது. 2020-லிருந்து எத்தியோப்பியாவின் புதிய அணை அதில் நீல நைலின் பங்கை வழியிலேயே பிடித்துக்கொள்கிறது.

சுவருக்கு அப்பால் கடற்கரை கறுத்திருந்தது. மணவாளக்குறிச்சி மணலைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கறுப்பு புதிதாக இருக்காது. இல்மனைட், மேக்னடைட், மோனசைட் எல்லாம் இதிலும் உண்டு. அலை லேசான மணலை இழுத்துப்போய்விட்டுக் கனமானதை விட்டுச் சென்றிருக்கிறது. வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞன் பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை எடுத்து மணலில் புரட்டிக் காட்டினான். எத்தியோப்பிய மலை முள்ளம்பன்றிபோல் சிலிர்த்துக்கொண்டு ஒட்டிக்கொண்டது.

"இதை எடுக்க புருல்லுஸ் பக்கம் ஆலை வந்திருக்கு, உஸ்தாஸ். என் மாமா பையனுக்கு அங்க வேலை கிடைச்சிருக்கு" என்றான்.

சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். மீன்பிடியைவிடப் பரவாயில்லையாம், தனக்கும் சொல்லி வைத்திருக்கிறானாம்.